கண்ணைக் கட்டி விளையாட வேண்டாம்: அரசுப் பள்ளிகளுக்குப் போகும் இளைஞர்களுக்கு

கேள்வி: நாங்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவர்கள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி எங்கள் வட்டாரத்தில் நான்கு அரசுப் பள்ளிகளில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த நினைக்கிறோம். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, ஒரே கையால் சட்டைப் பொத்தான் போடுவது போன்ற விளையாட்டுகள், சாதனையாளர்களைப் பற்றிய ஒரு காணொலி, கடைசியில் உறுதிமொழி என்று திட்டமிட்டிருக்கிறோம். 15,000 ரூபாய் நன்கொடை கிடைத்திருக்கிறது. இன்னும் என்ன சேர்க்கலாம்?

பதில்: சேர்ப்பதற்கு முன் கழிக்க வேண்டியவை சில இருக்கின்றன. நான் போலியோவால் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) மாட்டிக்கொண்டு அரசுப் பள்ளியில் படித்தவன். இப்போது உங்களைப் போன்ற குழுக்களுக்குப் பயிற்சி தருகிறேன். இந்த மாதிரி நிகழ்ச்சிகளைப் பெஞ்சில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன், மேடையில் நின்றும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்கட்டு விளையாட்டு. இதைச் செய்யாத குழுவைக் காண்பது அரிது. பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்தான்; சிரித்துக்கொண்டே பெஞ்சில் முட்டிக்கொள்வார்கள், கட்டை அவிழ்த்ததும் "அப்பாடா" என்பார்கள். சிக்கல் அந்த "அப்பாடா"வில் இருக்கிறது. அமெரிக்காவில் ஏரியல் சில்வர்மேன் என்ற உளவியலாளர், அவரே பார்வையற்றவர், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். ஏன் என்பதை ஊகிப்பது கடினமில்லை. பார்வை போன முதல் ஐந்து நிமிடத் தவிப்பைத்தான் கண்கட்டு காட்டுகிறது. வெள்ளைக் கோலைப் பழகியபின், பிரெயில் படித்தபின், செல்பேசித் திரையைக் குரலில் கேட்டே பஸ் ஏறிப் போய்வரும் ஒருவரின் சாதாரண செவ்வாய்க்கிழமையை அது காட்டுவதில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போவது பரிதாபத்தையும், "நல்லவேளை, நமக்கு அப்படி இல்லை" என்ற நிம்மதியையும்தான். உச்சுக் கொட்ட வைப்பதற்கு விழிப்புணர்வு என்று பெயர் வைக்க வேண்டாம்.

அடுத்தது சாதனையாளர் காணொலி. மாரியப்பன் தங்கவேலுவைக் காட்டப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். காட்டுங்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர்தான். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். ஆனால் அதே வகுப்பில் தசைச்சிதைவு நோயோடு ஒரு எட்டாம் வகுப்புப் பையன் இருப்பான். அவனால் இன்னும் இரண்டு வருடத்தில் மாடி ஏறவே முடியாமல் போகலாம். காணொலி முடிந்ததும் அவனைப் பார்த்து, "நீயும் முயற்சி செய்தால் முடியும்" என்று யாராவது முதுகில் தட்டுவார்கள். அவனுக்குத் தேவை முயற்சி பற்றிய போதனை இல்லை; அவன் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது. மாரியப்பன் கதையிலேயே பள்ளிக்குப் பயன்படும் பகுதி பதக்கத்துக்கு வெகு முன்னால் இருக்கிறது. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பஸ் ஏறிக் கால் நசுங்கிய பையனை, அவனுடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர் விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்காரவைத்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் வைக்கவில்லை. உயரம் தாண்ட ஊக்கப்படுத்தினார். அந்த ஆசிரியரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "உங்கள் பள்ளியில் விளையாட்டு வகுப்பில் யாராவது உட்கார்ந்தே இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வரும். செருப்புக்குக் காவல் இருந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாரும் இல்லையென்றால் நிகழ்ச்சியை ஒரு மாதம் தள்ளிப்போட்டு முதலில் அவர்களைத் தேடுங்கள். உங்கள் கல்லூரியிலேயே இருக்கக்கூடும்; கலைக் கல்லூரிகளின் தமிழ், வரலாறு, ஆங்கிலத் துறைகளில் பார்வையற்ற மாணவர்கள் படிக்காத கல்லூரி குறைவு. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பட்டப்படிப்புகள் நடக்கின்றன. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்துக்கும் பல மாவட்டங்களில் அமைப்பு இருக்கிறது. வருகிறவர்களை "சிறப்பு விருந்தினர்" ஆக்கிப் பொன்னாடை போர்த்திவிட்டு நீங்கள் பேசாதீர்கள். திட்டம் போடும் கூட்டத்திலேயே அவர்கள் இருக்க வேண்டும், நிகழ்ச்சியை அவர்கள் நடத்த வேண்டும். நீங்கள் நாற்காலி போடுங்கள், பிள்ளைகளை வரிசையில் உட்கார வையுங்கள்.

இப்படி இளைஞர்களே முன்னின்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் உதாரணம். அங்கே மாற்றுத்திறனாளி இளைஞர்கள் இருபது பேர் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக, 2006இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைக் கற்பிக்கச் சட்டம் வந்தது. நாட்டிலேயே அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. அக்டோபர் மூன்றாம் வாரம் அதற்கென்று ஒதுக்கப்பட்டது. அடுத்த வருடமே வட கரோலினாவும் தன் பங்குக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அவர்கள் அனுதாபத்தைக் கேட்காமல் வரலாற்றைக் கேட்டதை நான் புத்திசாலித்தனம் என்பேன். 1977இல் சான்பிரான்சிஸ்கோ அரசு அலுவலகம் ஒன்றில் சக்கர நாற்காலிக்காரர்களும் பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் மூன்று வாரத்துக்கு மேல் உள்ளேயே தங்கிப் போராடி, மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்று ஏட்டில் மட்டும் கிடந்த சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த கதையைக் கேட்கும் பிள்ளைக்கு "பாவம்" என்ற சொல் வாயில் வராது. நம் பக்கமும் வரலாறு இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கிவிட்டன. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது, முழுப் பார்வையின்மையோடு அந்தப் பணிக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று. 2024இல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் ஊக்கப் பேச்சு என்ற பெயரில் வந்த ஒருவர், உடற்குறைபாட்டோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று மாணவிகள் நடுவே பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். பேச்சாளர் அவரிடமே எகிறினார். காணொலி பரவி, செப்டம்பரில் அந்தப் பேச்சாளர் கைதானார். பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது. எனவே தலைமையாசிரியர் தெரிந்தவர், வாய்மொழியாகச் சரி என்றுவிட்டார் என்று கிளம்பிவிடாதீர்கள். என்ன பேசப்போகிறீர்கள், யார் பேசப்போகிறார்கள் என்று எழுதி, முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அந்தப் பேச்சாளர் சொன்னது வானத்திலிருந்து விழுந்த கருத்தில்லை. பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்பதுதான். கேள்வி நேரம் வைத்தால் கட்டாயம் வரும்: "போன ஜென்மத்துப் பாவம்தானே அக்கா?", "கிரகணத்தன்று அம்மா வெளியே போனதால்தான் உதடு பிளந்ததாமே?" சிரிக்காமல், அதட்டாமல் பதில் சொல்லத் தயாராகப் போங்கள். இன்னும் சங்கடமான கேள்வி, "சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானே?" என்பது. நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனால் அறையில் இருக்கும் ஒரு பிள்ளையின் தாய் தந்தை மாமன் மகள், அத்தை மகனாக இருக்கலாம். இப்படி உறவில் மணந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தக் குறைபாடும் இல்லாமல் பிறக்கிறார்கள், வெளியில் மணந்தவர்களுக்கும் குறைபாட்டோடு பிள்ளைகள் பிறப்பதுண்டு, காரணம் எதுவானாலும் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு உரிய இடம் ஒன்றுதான் என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

இனி அந்த ஒரு பிள்ளை. நீங்கள் போகும் பள்ளிகளில் ஏற்கெனவே மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். "மாற்றுத்திறனாளிகள்" என்று நீங்கள் ஒலிபெருக்கியில் சொன்ன நொடியில் முந்நூறு தலைகள் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பும். அங்கே காலிப்பர் போட்ட ஒரு பெண் தாவணி நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். அன்றைய நாளின் விழிப்புணர்வு முழுவதும் அவள் தலையில் விழும். இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒரு வாரம் முன்பே போவது. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பிடியுங்கள். எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் மூலமாகப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனியாகக் கேளுங்கள்: நிகழ்ச்சியில் இருக்க விருப்பமா, எதைப் பேசக்கூடாது, தானே எதையாவது சொல்ல விருப்பமா? சில பிள்ளைகள் அன்று வேறு வகுப்பில் இருக்கவே விரும்புவார்கள். சிலர் பேசவே காத்திருப்பார்கள். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கேட்காமல் என் பையைத் தூக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும்." அவளே சொன்னாள். நாங்கள் பேசிய எல்லாவற்றையும்விட அது நன்றாக எடுபட்டது. விருப்பம் இல்லாத பிள்ளையை மேடைக்கு அழைப்பதும், சக்கர நாற்காலியைக் கையில் கொடுப்பதுபோலப் படம் எடுத்துப் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

சரி, விளையாட்டு இல்லை, காணொலியும் பாதி இல்லை என்றால் பிள்ளைகளை என்னதான் செய்யச் சொல்வது? என் அனுபவத்தில் நன்றாக எடுபடுவது அளக்கும் வேலை. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஒரு சாய்தளம் இருக்கும். பள்ளி வாக்குச்சாவடி ஆகும் என்பதால் தேர்தல் நேரத்தில் அவசரமாகக் கட்டியதும் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் அளவு நாடாவைக் கொடுங்கள். சக்கர நாற்காலி பயன்படுத்தும் உங்கள் தோழர் முன்னே போகட்டும். விதி எளிது: ஓர் அடி உயரம் ஏற, சாய்தளம் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வராந்தாவின் உயரம் ஒன்றரை அடி என்று அளக்கிறார்கள். அப்படியானால் பதினெட்டு அடி வேண்டும். இருப்பதை அளந்தால் ஆறரை அடி. "இதில் ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்" என்று தோழர் சொல்லும்போது, விகிதக் கணக்கு முதல்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்படுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அப்புறம் அவர்களை நிறுத்த முடியாது. வகுப்பறை வாசல் அகலம், தண்ணீர்க் குழாயின் உயரம், கைப்பிடி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் அளப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று எழுதிய கதவில் பூட்டு தொங்கும். திறந்து பார்த்தால் உள்ளே துடைப்பமும் உடைந்த பெஞ்சும் கிடக்கும். அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஆசிரியர் கையெழுத்தோடு பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொடுங்கள். குழுவின் பெரும்பான்மை பெற்றோர்கள்தான் என்பதால், தங்கள் பிள்ளைகளே அளந்து எழுதிய காகிதத்தை அவர்களால் ஒதுக்கிவைக்க முடிவதில்லை.

இரண்டாவது, சைகை மொழி. காது கேளாத ஓர் இளைஞர் வகுப்பு எடுக்கட்டும், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்கட்டும். சைகை மொழியில் ஆளுக்கு ஒரு பெயர்ச் சைகை உண்டு. கன்னத்து மச்சம், சுருட்டை முடி, எப்போதும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிடும் பழக்கம் என்று எதையாவது வைத்து அவர் பெயர் சூட்டுவார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்காக வரிசையில் நிற்பார்கள். அந்த முக்கால் மணி நேரம் அறையில் மொழி தெரியாதவர்கள் காது கேட்பவர்கள், தெரிந்தவர் அவர். யாரும் யாருக்காகவும் இரக்கப்பட வேண்டிய தேவை எழுவதே இல்லை. ஒன்றை மட்டும் தொடக்கத்தில் சொல்லிக்கொடுங்கள்: கேள்வி கேட்கும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லாமல், காது கேளாத அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்தே கேட்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளை உங்கள் திட்டம் தொடவே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. 1995 சட்டத்தில் இருந்தவை ஏழுதான். புதிதாகச் சேர்ந்தவற்றில் பள்ளிக்கு மிக நெருக்கமானது கற்றல் குறைபாடு. எழுத்தை மாற்றி எழுதி, வாசிக்கச் சொன்னால் வியர்த்து, "மக்கு" என்ற பெயரோடு கடைசி பெஞ்சில் இருப்பவர்களில் சிலருக்கு அது இருக்கலாம். யாருக்கு இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடிக்கப் போக வேண்டாம், அது மருத்துவர்களின் வேலை. ஆனால் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லலாம்: சான்றிதழ் பெற்றவர்களுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல் பிப்ரவரியில் வந்து கையைப் பிசையும் பெற்றோர்கள் ஏராளம். அரை மணி நேர உறுதிமொழியைவிட இந்த இரண்டு நிமிடத் தகவல் யாராவது ஒரு பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை மாற்றும்.

பட்டப்பெயர்கள் பற்றியும் பேசுங்கள், ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பேசாதீர்கள். பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று அதே 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். அதைப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் சொன்னால் பயப்படுவான், மறுநாள் ஆசிரியர் இல்லாதபோது அதே பெயரைச் சொல்வான். தவிர, அந்தப் பெயர்களில் பாதியை வகுப்பறையில் முதலில் உச்சரிப்பவர் யார் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அதனால்தான் ஆசிரியர் அறையில் தேநீர் இடைவேளையில் தனியாக ஒரு பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். அங்கே நீங்கள் பேச வேண்டாம், உங்கள் குழுவின் பார்வையற்ற மாணவர் தன் பள்ளி நாட்களைப் பற்றிப் பேசட்டும். எதைச் செய்த ஆசிரியரை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னாலே போதும்.

நாள் விஷயத்தில் டிசம்பர் 3 எனக்கு உவப்பாக இல்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். ஆசிரியர்கள் பாடம் முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள், போதாக்குறைக்கு மழை விடுமுறை வேறு. அந்த வாரம் பள்ளியே ஏதாவது நடத்தும், அதில் நீங்கள் கைகொடுங்கள். உங்கள் நிகழ்ச்சியைப் பொங்கலுக்குப் பிறகு ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளுக்கு வையுங்கள், அல்லது அடுத்த கல்வியாண்டின் ஜூலையில் வையுங்கள். நான்கு பள்ளிகள் வேண்டாம். ஒரு பள்ளிக்கு நான்கு முறை போங்கள். இரண்டாம் முறை போகும்போது கழிப்பறைப் பூட்டு அப்படியே இருந்தால், மூன்றாம் முறை பெற்றோர்களையும் அழைத்துக்கொண்டு போகலாம்.

பணத்துக்கு வருகிறேன். பதினைந்தாயிரத்தில் டி-ஷர்ட், பிளெக்ஸ் பேனர், கேடயம் என்று போட்டிருப்பீர்கள், எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு உரிய கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் போக வர ஆட்டோ அல்லது வேன் வாடகை கொடுங்கள், ஏனென்றால் உங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் அவரால் ஏற முடியாது. பேசுகிறவர்களுக்கு மதிப்பூதியம் கொடுங்கள். உங்கள் பேராசிரியர் ஒருவர் கூட்டத்துக்கு வந்தால் கவரில் வைத்துக் கொடுப்பதைப் போலவே இவர்களுக்கும் கொடுக்க வேண்டும். "சமூக சேவைதானே" என்று சொல்லி ஒரு சால்வையோடு அனுப்பிவிடக் கூடாது. அளவு நாடா பத்து வாங்க சில நூறு ரூபாய்தான் ஆகும், நல்லதாகவே வாங்கிப் பள்ளிக்கே கொடுத்துவிடுங்கள். மீதி இருந்தால் அன்று எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். சாப்பிடும் இடத்துக்குப் படி இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.